காட்டின் பத்தாண்டுத் திட்டத்தில் ஊர்ச்சொல்லும் ஏறுவது எப்படி? சேலம், சேர்வராயன் மலை மக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சில வருஷங்களுக்கு முன்னால் சேர்வராயன் மலையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். காட்டை வரும் வருஷங்களில் எப்படிப் பராமரிப்பது என்று ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம். நாற்பது பேர் இருப்போம். ஒருவர் காட்டெருமை காபிச் செடியை மிதித்ததைச் சொன்னார். இன்னொருவர் பஸ் சரியாக வருவதில்லை என்றார். ஒரு அம்மா ரேஷன் அரிசியைப் பற்றிப் பேசினார். நான் மரங்களின் அருமை பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன், கைதட்டுக்கூடக் கிடைத்தது. டீயும் வடையும் வந்தன, கூட்டம் முடிந்தது. இரண்டு மாதம் கழித்துக் கூட்டக் குறிப்பின் நகலைப் பார்த்தால், எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரி: பொதுமக்கள் முழு ஒத்துழைப்பு அளிப்பதாகத் தெரிவித்தனர்.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால், எழுதியவர் பாவம், வேறு என்னதான் எழுதுவார்? நாங்கள் பேசியதில் திட்டத்துக்குள் வைக்கக்கூடியது ஒன்றுமே இல்லை. காட்டுத் திட்டம் என்பது வரைபடத்தில் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்குள் எந்த மாதம் என்ன வேலை, அந்த வேலைக்கு எவ்வளவு காசு. இந்த மூன்றில் ஒன்றையாவது தொடாத பேச்சு எல்லாம் 'ஒத்துழைப்பு' என்ற வரிக்குள் போய் அடங்கிவிடும். அன்று அது தெரியவில்லை. அதன்பிறகு அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: உங்கள் ஊரை ஒட்டியிருப்பது எந்தக் காடு?

சேலம் பக்கம் 'காட்டுக்குப் போறேன்' என்றால் பாதிப் பேர் சோளக்காட்டுக்கோ கடலைக்காட்டுக்கோதான் போவார்கள். சட்டத்துக்கு இந்தத் தாராளம் கிடையாது. அது காட்டை வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் யார் திட்டம் போடுவார், உங்களை எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்பதெல்லாம் மாறும்.

சேர்வராயன் மலையில் பெரும்பாலும் காண்பது காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட காடுகள் இவை. இவற்றைச் சேலம் வனக்கோட்டம் பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதும் பணித்திட்டத்தின்படி நடத்துகிறது. அலுவலகத்தில் 'ஒர்க்கிங் பிளான்' என்று கேட்டால்தான் உடனே புரியும். அந்தத் திட்டத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2014இல் வந்து 2023இல் திருத்தப்பட்ட தேசிய அளவிலான விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது.

அடுத்தது சரணாலயம். இதற்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். சேர்வராயன் மலை சரணாலயம் அல்ல. ஆனால் வடக்கே உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2014இல் காவேரி வடக்கு, 2022இல் காவேரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் வந்துவிட்டன. நம் பக்கமும் ஒருநாள் பேச்சு எழலாம் என்பதால் அதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சரணாலயத்துக்கு எழுதப்படுவது மேலாண்மைத் திட்டம், அதற்கு ஒப்புதல் தருபவர் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர்.

மூன்றாவது பட்டா நிலம். காபி எஸ்டேட்டும் மிளகுத் தோட்டமும் சில்வர் ஓக் நிழலும் பார்வைக்குக் காடு மாதிரியே இருக்கும், ஆனால் வனத்துறைத் திட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. காட்டெருமைக்கு மட்டும் இந்த வித்தியாசம் தெரியாது, பாதி நாள் அது பட்டா நிலத்தில்தான் நிற்கிறது.

எது எது என்று ஊகிக்க வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை (ஊர் நிலங்களின் விவரப் பதிவேடு) பார்த்துப் புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லைக் கற்களைப் பார்த்தபடி ஒருமுறை நடந்து வாருங்கள். வனக்காப்பாளர் கூட வந்தால் இன்னும் நல்லது. சொன்னால் பெரும்பாலும் வருவார்கள்.

இரண்டாம் படி: திட்டம் எந்தப் பருவத்தில் இருக்கிறது?

பத்தாண்டுத் திட்டத்தில் நான்காவது வருஷம் போய் 'எங்களைக் கேட்கவில்லையே' என்றால், 'அடுத்த திட்டத்தில் பார்க்கலாம்' என்றுதான் பதில் வரும். அதிலும் நியாயம் உண்டு. ஆகவே இப்போது நடப்பில் இருக்கும் திட்டம் எந்த ஆண்டு தொடங்கி எந்த ஆண்டு முடிகிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முடிவதற்கு ஓரிரு வருஷம் முன்பே அடுத்ததற்கான கள வேலை ஆரம்பித்துவிடும். நீங்கள் நுழைய வேண்டிய நேரம் அது. வரைவு அச்சாகி வந்தபின் எழுத்துப்பிழையைத் தவிர எதையும் திருத்த வைப்பது கஷ்டம்.

நேரில் கேட்டுக் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட வன அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, அதில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

மனுவில் 'ஏன் செய்யவில்லை' என்று சண்டை பிடிக்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள். நடப்புப் பணித்திட்டத்தின் காலம் என்ன, எங்கள் ஊரை ஒட்டிய காப்புக்காட்டுக்கான அத்தியாயங்களின் நகல், அதற்கான வரைபடம், கடந்த மூன்று ஆண்டில் இந்தக் காட்டில் தீத்தடுப்புக்கும் நீர்நிலைகளுக்கும் செலவிட்ட தொகை, அடுத்த திட்டத்துக்கான மக்கள் கருத்துக் கேட்பு எப்போது. இவ்வளவு போதும். மொத்த நகலையும் கேட்டால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் ஏறிக்கொண்டே போகும். ஆவணத்தை நேரில் பார்வையிடும் உரிமையும் இதே சட்டத்தில் இருக்கிறது. நான் ஒருநாள் காலை முழுக்க உட்கார்ந்து பார்த்து, வேண்டிய பதினைந்து பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு எச்சரிக்கை. அரிய ஆர்க்கிட் பூக்கும் இடம், பறவைக் கூடு, விலங்குகள் குட்டி போடும் இடம் போன்றவற்றைத் துறை வெளியே தராமல் இருக்கலாம். தராமல் இருப்பதே நல்லது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963 முதல் ஆர்க்கிட் தோட்டம் ஒன்றைக் காத்து வருகிறது என்றால், இந்த மலையில் திருடத் தகுந்த செடி இருக்கிறது என்றும் அர்த்தம்.

மூன்றாம் படி: திட்டத்தைப் படிக்கும் முறை

முதல் பக்கத்தில் ஆரம்பித்தால் மண் வகையிலும் மழை அளவிலும் தூக்கம் வந்துவிடும். டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம் காட்டும் முறையில் சரணாலயத்தின் மேலாண்மைத் திட்டம் இரண்டு பாகமாக இருக்கும். முதல் பாகம் இப்போது காடு எப்படி இருக்கிறது, இரண்டாவது இனி என்ன செய்யப் போகிறோம். பணித்திட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான். நேராக இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். அதிலும் முதலில் வரைபடம், அடுத்து மண்டலப் பிரிப்பு, அடுத்துச் செலவு அட்டவணை. மற்றதெல்லாம் சாவகாசமாக.

வரைபடத்தில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா? தடம், ஓடை, சுடுகாடு, கோயில் இருக்கிறதா? சேர்வராயன் குகைக் கோயில் எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு ஊர் இருக்கும் சின்னச் சாமிகளும் கோயில் காடுகளும் வரைபடத்தில் வராமலே போய்விடும். வராத ஒன்றுக்கு வழிவிடச் சொல்லி பிற்பாடு யாரிடம் கேட்பது?

நான்காம் படி: ஒரு வருஷ நோட்டு

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். என் கணக்கில் மொத்த வேலையில் பாதி இதுதான்.

வனத்துறைக்குக் காட்டைத் தெரியும். ஆனால் வனவர் மாறுவார், வனச்சரகர் மாறுவார். ஒரே சரிவைப் பன்னிரண்டு மாதமும் பார்த்துக்கொண்டிருப்பது ஊர்தான். அந்த அறிவு வாய்மொழியாக இருக்கும்வரை அது 'கருத்து'. தேதி போட்டு எழுதிவிட்டால் 'பதிவு'. திட்டம் எழுதுபவர் பதிவைத் தள்ள யோசிப்பார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், இடம், என்ன பார்த்தீர்கள், எத்தனை, எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிற்று. காட்டெருமை என்றால் கூட்டமா தனிக்கடாவா என்பதும் முக்கியம். தனியாகத் திரியும் கடா ஆயிரம் கிலோவரை எடை இருக்கும், அதன் போக்கும் கூட்டத்தின் போக்கும் ஒன்றல்ல. தீ என்றால் எங்கே முதலில் புகை தெரிந்தது, சாலையோரமா உள்ளேயா. ஓடை என்றால் எந்த வாரம் வற்றியது. செடி என்றால் களையாகப் பரவும் உண்ணிச்செடி புதிதாக எங்கே ஏறியிருக்கிறது. கூடவே ஊர் காட்டுக்குள் போகும் நாட்களையும் சேருங்கள்: தேன், கடுக்காய், சீமாறு எடுக்கும் மாதம், மாடு மேயும் இடம், சாமிக்குப் போகும் வழி. நம் தரப்பை மறைத்து விலங்கின் தரப்பை மட்டும் எழுதினால் நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

யாரிடம் கேட்டு எழுதுவது என்பதில் நான் நிறையத் தப்புச் செய்தேன். டீக்கடையில் ஆண்களிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்த பெரியம்மா ஒருவரிடம், 'காட்டெருமை உங்க தோட்டத்துக்கு அடிக்கடி வருதாம்மா?' என்றேன்.

'தோட்டத்துக்கு எங்க தம்பி வருது? அது ஓடைக்குத் தண்ணிக்குப் போவுது. நடுவுல நம்ம தோட்டம் கெடக்குது, அதான்.'

மூன்று மாத நோட்டு சொல்லாததை அந்த ஒரு பதில் சொல்லிவிட்டது. திரும்பப் போய்ப் பார்த்தால், மேல் ஓடை வற்றும் வாரத்தில்தான் சேதம் கூடியிருந்தது. இழப்பீடு கேட்பது தனி வழக்கு, அதற்குத் தனி மனு. திட்டத்தில் கேட்க வேண்டியது மேல் ஓடையைப் பற்றி. அதிலும் 'தொட்டி கட்டுங்கள்' என்று அவசரப்பட வேண்டாம். சிமெண்ட் தொட்டியை ஊரோரமாகக் கட்டினால் விலங்கை வீட்டு வாசலுக்கு விருந்துக்கு அழைத்த கதையாகிவிடும். இடத்தைக் காட்டிக் கேட்க வேண்டும்.

நோட்டோடு ஒரு கை வரைபடமும் போடுங்கள். சார்ட் அட்டையில் ஊரைப் போட்டு, ஓடை நீலம், தீப்பட்ட இடம் சிவப்பு, விலங்குத் தடம் கறுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் போடுவார்கள்.

மலைக்குக் கீழே இருப்பவர்களும் இதில் பங்குதாரர்தான். சரபங்கா நதியும் திருமணிமுத்தாறும் சேர்வராயன் பக்கத்திலிருந்து இறங்குபவை. ஓமலூரில் கிணறு வைத்திருப்பவருக்கும் கன்னங்குறிச்சியில் மூக்கனேரியில் பறவை பார்ப்பவருக்கும் மேலே தீ எரிந்தால் கீழே என்ன ஆகும் என்பதைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேலத்திலிருந்து போகும் இயற்கை ஆர்வலர்கள் (நானும் சேர்த்துத்தான்) கூட்டத்தில் முதல் ஆளாய் எழுந்து கடைசி வரை பேசிவிடுகிறோம். ரிசார்ட்காரர், எஸ்டேட்காரர், நகரத்துப் பறவைப் பிரியர், சாமை விதைக்கும் மலையாளிக் குடும்பம் (கேரளக்காரர் அல்ல, இந்த மலையின் பழங்குடியினர்) எல்லாரும் 'பொதுமக்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் வந்தாலும், கோடு தப்பாக விழுந்தால் அடி படுவது கடைசியாகச் சொன்னவருக்குத்தான்.

ஐந்தாம் படி: கிராம சபை, இரண்டு விதம்

தனி ஆள் கொடுக்கும் மனு வேறு, கிராம சபைத் தீர்மானம் வேறு. இரண்டாவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எப்படி என்றால், 2022இல் வன உயிரினச் சட்டத்தைத் திருத்தியபோது (2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில்) 33ஆம் பிரிவில் ஒரு விஷயத்தைச் சேர்த்தார்கள். சரணாலயம் ஐந்தாம் அட்டவணைப் பகுதியிலோ (அரசியலமைப்பின்படி தனியாக அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி) வன உரிமைச் சட்டம் பொருந்தும் இடத்திலோ இருந்தால், அதன் மேலாண்மைத் திட்டம் கிராம சபையைக் கலந்தாலோசித்த பிறகே எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் இல்லை. ஆகவே நமக்குத் திறந்திருக்கும் கதவு இரண்டாவது, அதாவது வன உரிமைச் சட்டம், 2006.

சேலம் மாவட்ட மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர் என்பதால் இந்தச் சட்டம் இங்கே நேரடியாகவே பொருந்தும். மற்றவர்களும் மூன்று தலைமுறையாக, 75 ஆண்டு காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டினால் உரிமை கோரலாம். தனி ஆள் பட்டாவைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். இந்தச் சட்டத்தின் பெரிய சரக்கு அது அல்ல. ஊர் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை உண்டு என்கிறதே, அதுதான். 'சமூக வன வளம்' என்று பெயர். கோரிக்கைக்குப் படிவம் சி.

அந்த உரிமை கிடைத்துவிட்டால் கிராம சபை அமைக்கும் குழு தன் காட்டுக்குத் தானே ஒரு பாதுகாப்பு, மேலாண்மைத் திட்டம் எழுதலாம். 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, அதை வனத்துறையின் பணித்திட்டத்தோடோ மேலாண்மைத் திட்டத்தோடோ இணைக்கவும் வேண்டும். கருத்துச் சொல்பவர் என்ற நிலையிலிருந்து திட்டம் எழுதுபவர் என்ற நிலைக்கு ஊர் ஏறுவது இந்த இடத்தில்தான். எனக்குத் தெரிந்து இதற்கு மேல் வலுவான வழி வேறு இல்லை.

இப்போது நடைமுறை. ஊராட்சியின் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் கிராம சபைக்குக் கணக்கு வேறு. ஊரின் வயது வந்தவர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். அதில் தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழு 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் தீர்மானம் செல்லாது என்று ஓரம் கட்டிவிடுவார்கள். ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள், அவற்றுக்குள் அறுபதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்கள். வாழவந்தியிலோ நாகலூரிலோ ஊராட்சி அளவில் கூடினால் கடைக்கோடிக் கிராமத்துப் பெண்கள் வந்துசேர்வதற்குள் கூட்டம் முடிந்திருக்கும். இதற்காகவே 2012இல் மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம், சபையைக் குக்கிராம அளவில் கூட்டச் சொல்லி வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டிக் கேளுங்கள். மலையாளிகளின் ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டரிடமும் முன்கூட்டியே பேசி நாள் குறித்துவிடுங்கள். சீமாறு சீசனிலும் காபிப் பழம் பறிக்கும் சீசனிலும் வைத்தால் யாரும் வர மாட்டார்கள்.

ஆறாம் படி: எழுதும் விதம்

ஒரு மனுவில் ஒரு விஷயம். பத்து விஷயம் இருந்தால் பத்து மனு. ஒரே மனுவில் பத்தையும் போட்டால் எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

என்ன இடம், திட்டத்தில் இப்போது என்ன இருக்கிறது, எங்கள் பதிவு என்ன சொல்கிறது, என்ன மாற்றம் வேண்டும். இந்த வரிசையில் அரைப் பக்கம். மாதிரிக்கு (தீத்தடுப்புக் கோடு என்பது தீ தாண்டாமல் இருக்கச் செடிகொடியை அகற்றிய நீளப் பட்டை):

'எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள காப்புக்காட்டில் தீத்தடுப்புக் கோடு பிப்ரவரியில் சுத்தம் செய்யப்படும் என்று வரைவில் உள்ளது. இந்தச் சரிவில் ஜனவரி முதல் வாரத்திலேயே இலை உதிர்ந்துவிடுகிறது. கடந்த இரண்டு ஆண்டில் நாங்கள் பதிவு செய்த ஐந்து தீயில் மூன்று பிப்ரவரி 10க்கு முன் எரிந்தவை (பதிவு நகல் இணைப்பு 1, வரைபடம் இணைப்பு 2). எனவே இந்தப் பகுதிக்கு மட்டும் வேலையை டிசம்பர் கடைசியில் தொடங்கவும், தீக்காவலர்களை எங்கள் ஊரிலிருந்து அமர்த்தவும், அதற்கான தொகையை டிசம்பர் மாதச் செலவில் சேர்க்கவும் கேட்டுக்கொள்கிறோம்.'

இதில் கோடு இருக்கிறது, மாதம் இருக்கிறது, காசு இருக்கிறது. இதை 'ஒத்துழைப்பு' என்று எழுத முடியாது. ஏற்கலாம், மறுக்கலாம், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிவரும். இலை உதிரும் வாரமும் தீயின் கணக்கும் உங்கள் சரிவுக்கு வேறாக இருக்கும், மாதிரியை அப்படியே காப்பி அடித்துவிடாதீர்கள். ஒரே வாசகத்தை இருநூறு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அலுவலகத்தில் அது ஒரு மனுவாகத்தான் எண்ணப்படும். இருபது பேர் தங்கள் தங்கள் தோட்டத்தை வைத்துத் தனித்தனியாக எழுதினால் இருபது.

வேண்டாததைச் சொல்வதோடு, இருப்பதில் எது நன்றாக நடக்கிறதோ அதையும் எழுதுங்கள். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குரங்குக்குப் பிஸ்கட் போடாமல் தடுக்க ஆள் நிறுத்துவது உங்களுக்குப் பிடித்திருந்தால், 'இதைத் தொடரவும், மே மாதக் கோடை விழா நாட்களில் இரட்டிப்பாக்கவும்' என்று எழுதுங்கள். யாரும் ஆதரித்து எழுதாத வேலைக்குத்தான் முதலில் நிதி வெட்டு விழும்.

மனுவை வனச்சரக அலுவலகத்திலும் மாவட்ட வன அலுவலகத்திலும் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டாலும் சரி.

ஏழாம் படி: கூட்டத்தன்று

சுருக்கமாகச் சொல்கிறேன். எழுதிக் கொடுத்ததையே பேசுங்கள், புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். ஊருக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு விஷயம், அதில் ஒருவராவது பெண். சார்ட் அட்டையைச் சுவரில் மாட்டிவிடுங்கள், அதிகாரிகள் எழுந்து வந்து பார்ப்பார்கள். அங்கிருந்துதான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும். இழப்பீட்டுக் கோபம் ஊரில் இருந்தால் முதல் பத்து நிமிஷத்தை அதற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது கூட்டம் முழுவதையும் தின்றுவிடும். கிளம்பும் முன், கூட்டக் குறிப்பை அங்கேயே வாசித்துக் காட்டக் கேளுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் கதை தெரியுமே.

எட்டாம் படி: சரணாலயமோ வேறு பாதுகாப்போ வரும் பேச்சு எழுந்தால்

புதிதாகச் சரணாலயம் அமைக்க இரண்டு வழி. பொது வழியில் வன உயிரினச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அரசு தன் எண்ணத்தை அறிவிக்கும், கலெக்டர் உரிமைகளை விசாரிப்பார். சுற்றியுள்ள ஊர்களில் தமிழில் அறிவிப்பு வெளியிடப்படும், அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் உரிமை கோர வேண்டும். ஏற்கெனவே காப்புக்காடாக இருந்தால் அரசு 26அ பிரிவின் கீழ் நேரடியாகவே அறிவித்துவிடலாம், கலெக்டர் விசாரணை இருக்காது. சேர்வராயன் மாதிரி காப்புக்காடு நிறைந்த இடத்துக்கு இரண்டாவது வழியே எளிது. 'விசாரணைக்கு வருவார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம்' என்று காத்திருக்க முடியாது. வன உரிமைக் கோரிக்கையை முன்கூட்டியே போட்டு வைப்பதே பாதுகாப்பு. சரணாலயம் ஆனபின்னும் அந்தச் சட்டம் பொருந்தும்.

சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் கூருணர்வு மண்டலம் வரையும்போது, மத்திய அரசு வரைவை வெளியிட்டு 60 நாள் ஆட்சேபம் கேட்கும். பக்கத்து எஸ்டேட்டுக்கும் ரிசார்ட்டுக்கும் கல்குவாரிக்கும் உள்ள கட்டுப்பாடெல்லாம் அதில்தான் இருக்கும்.

33ஆ பிரிவின்படி சரணாலயத்துக்கு ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அந்தத் தொகுதி சட்டமன்ற உறுப்பினர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர், தன்னார்வ அமைப்புகளிலிருந்து இரண்டு பேர், வன உயிரினப் பாதுகாப்பில் இருப்பவர்கள் மூன்று பேர் அதில் இடம்பெறுவார்கள். குழு அமைக்கப்பட்டதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள். சில நேரம் அந்தக் கேள்வியே கூட்டத்தைக் கூட்டிவிடும்.

சரணாலயம்தான் ஒரே வழி என்றும் இல்லை. அரசு நிலமாக இருந்தால் உள்ளூர் மக்களைக் கலந்துபேசிப் பாதுகாப்புக் காப்பகம் அறிவிக்கலாம், அதன் குழுவில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஓர் இடம் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றிப் பறவைகள் கூடு கட்டும் மூன்று ஹெக்டேர்கூட இல்லாத இடம் 2005இல் இப்படித்தான் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம் ஆயிற்று. தனியார் நிலத்துக்கோ ஊர் நிலத்துக்கோ சமூகக் காப்பகம். அதற்கு உரியவர்கள் தாமே முன்வர வேண்டும், மேலாண்மைத் திட்டத்தை எழுதுவதும் அவர்கள் இடம்பெறும் குழுதான். காட்டெருமை நடமாடும் எஸ்டேட்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து இதை யோசிக்கலாமே என்று எனக்கு வெகுநாளாக ஓர் ஆசை. இன்னொரு வழி பல்லுயிர் பாரம்பரியத் தலம். மதுரை அரிட்டாபட்டி 2022இல் அப்படி ஆனது.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி (அலாஸ்கா நீங்கலாக) ஒவ்வொரு தேசிய வன உயிரினப் புகலிடத்துக்கும் விரிவான திட்டம் எழுதி, 15 ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். எழுதும்போது பொதுமக்களுக்குப் பங்கெடுக்க வாய்ப்புத் தருவதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. நம் நாட்டிலும் சரணாலய நிர்வாகத்துக்கு மதிப்பெண் போடும் மதிப்பீட்டு முறை ஒன்று உண்டு, மக்களுக்குப் பங்கு கொடுத்தார்களா என்பது அதில் ஒரு கேள்வி. அதிகாரியிடம் பேசும்போது மென்மையாக இதை நினைவூட்டலாம். கேட்டுக்கொள்வார்கள்.

ஒன்பதாம் படி: திட்டம் வந்த பிறகு

ஒப்புதல் ஆன திட்டத்தை வாங்கி, உங்கள் பத்து மனுவில் எது ஏறியது, எது ஏறவில்லை என்று எதிரெதிரே எழுதுங்கள். ஏறாததற்குக் காரணம் கேட்டு ஒரு கடிதம். நான் பார்த்தவரை பத்தில் மூன்று ஏறினால் நல்ல அறுவடை.

ஏறியதும் தானாக நடந்துவிடாது. பத்தாண்டுத் திட்டம் ஒவ்வொரு வருஷமும் ஆண்டுச் செயல்திட்டமாகப் பிரியும், பணம் வருவது அதற்குத்தான். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே வனச்சரகரைப் பார்த்து, 'எங்கள் சரிவின் தீத்தடுப்புக் கோடு அடுத்த வருஷக் கணக்கில் இருக்கிறதா சார்?' என்று கேளுங்கள். சரணாலயத்தை ஒட்டிய ஊராக இருந்தால் இன்னொன்றும் கேட்கலாம்: 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது 33அ பிரிவின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் பொறுப்பு. முகாம் எந்த மாதம்?

நோட்டை நிறுத்திவிட வேண்டாம். நாங்கள் முதல் நோட்டை ஒருவர் வீட்டுப் பரணில் வைத்தோம், அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனபோது நோட்டும் காணாமல் போயிற்று. இப்போது மூன்று நகல்: ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று பள்ளிக்கூட பீரோவில், ஒன்று அந்தப் பெரியம்மா வீட்டில். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஓடை வற்றிய அன்றைக்குப் பேத்தியை உட்காரவைத்துத் தேதி போடச் சொல்கிறார்.